சீகன்பால்கு என்ற குடும்பப் பெயர்: எங்கிருந்து வந்தது, இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது?

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கு பற்றிய கேள்வி இது: "தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரின் பெயரில் 'சீகன்பால்கு' என்பது ஊர்ப் பெயரா, குடும்பப் பெயரா? அதற்கு என்ன பொருள்? ஜெர்மனியில் இன்றும் அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்களா? இருந்தால் எத்தனை பேர்? அவர்களெல்லாம் அவருடைய வம்சமா?"

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது குடும்பப் பெயர்தான். வெள்ளாட்டுத் தோல் என்று பொருள். பெயர் இன்றும் ஜெர்மனியில் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அரிய பெயர். அதன் வேர் நாட்டின் கிழக்கு ஓரத்தில், சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. இன்று அந்தப் பெயரைத் தாங்குபவர்களைத் தரங்கம்பாடிப் பாதிரியாரின் வம்சம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பொருளை அகராதியில் யாரும் பார்த்துவிடலாம். அந்தப் பெயர் ஏன் குறிப்பாக அந்த மண்ணில் முளைத்தது என்பதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். எண்ணிக்கைக் கேள்விக்கான விடையும் அதோடு சேர்ந்துதான் வரும்.

பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்பாதி 'ட்ஸீகெ', அதாவது வெள்ளாடு. பின்பாதி 'பல்க்', அதாவது உரித்த தோல். ஜெர்மன்காரர்கள் சேர்த்துச் சொல்லும்போது 'ட்ஸீகன்பல்க்' என்று ஒலிக்கும். எழுத்தில் கடைசியில் வருவது 'க' இனத்து மெல்லிய ஒலி என்றாலும், சொல்லின் இறுதியில் வந்தால் அதை வல்லினமாகச் சொல்வது ஜெர்மன் மொழியின் இயல்பு. 'ட்ஸ்' என்ற தொடக்கம் தமிழ் நாவுக்கு வராது என்பதால் அது 'சீ' ஆனது. இறுதியில் ஒரு உகரம் சேர்ந்தது, 'பல்' நீண்டு 'பால்' ஆனது. முந்நூறு ஆண்டுகளாகத் தமிழில் நிலைத்துவிட்ட வடிவம் என்பதால் நானும் சீகன்பால்கு என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆடு. இன்றைய பொது ஜெர்மனில் வெள்ளாட்டுக்கு 'ட்ஸீகெ' என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் குடும்பப் பெயர்கள் உருவான காலத்தில், 12 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை, நிலைமை அப்படி இல்லை. தெற்கிலும் தென்மேற்கிலும், அதாவது பவேரியா, ஸ்வாபியா, சுவிட்சர்லாந்துப் பக்கங்களில், ஆட்டுக்கு 'கைஸ்' என்றே சொன்னார்கள். கிராமத்துப் பேச்சில் இன்றும் அங்கே அப்படித்தான். 'ட்ஸீகெ' நடு ஜெர்மனியின் கிழக்குப் பகுதிக்குரிய சொல். அது நாடு முழுக்கப் பரவியதற்கு முக்கியமான காரணம் மார்ட்டின் லூதர். அவருடைய பைபிள் மொழிபெயர்ப்பு கிழக்கு நடு ஜெர்மன் எழுத்து வழக்கை அடிப்படையாகக் கொண்டது. 1522-இல் புதிய ஏற்பாடும் 1534-இல் முழு பைபிளும் அச்சாகிப் பரவியபோது அந்தப் பகுதிச் சொற்கள் பல பொது மொழிக்குள் வந்து உட்கார்ந்தன. 'ட்ஸீகெ' அவற்றில் ஒன்று.

இதனால்தான் அந்தப் பெயரைப் பார்த்த உடனேயே பெயராய்வாளர்கள் வரைபடத்தில் கிழக்குப் பக்கம் பார்ப்பார்கள். பவேரியாவில் ஒருவருக்கு ஆட்டை வைத்துப் பட்டப்பெயர் சூட்டியிருந்தால் அது 'கைஸ்' என்றோ 'கைஸ்மாயர்' போலவோ ஆகியிருக்கும். சுவிட்சர்லாந்தின் 'கைஸ்பியூலர்' என்ற பெயரிலும் இருப்பது அந்தச் சொல்தான். சாக்சனிக்குள்ளேயே இருக்கும் சோர்பியர்கள் ஸ்லாவிய இனத்தவர். அவர்கள் மொழியில் கிடா 'கோசோல்'. அதிலிருந்து வந்த 'கோசெல்' என்ற குடும்பப் பெயரும் அதே வட்டாரத்தில் உண்டு. ஒரே விலங்கு, மூன்று வழக்கு, மூன்று விதமான குடும்பப் பெயர்கள். ஒரு குடும்பத்தின் மூதாதை எந்தப் பேச்சு வழக்கு நிலத்தில் வாழ்ந்தார் என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து 'பல்க்'. இது வெறும் தோல் அல்ல. வயிற்றுப் பக்கம் கீறி விரித்து எடுக்கும் தோலுக்கு ஜெர்மனில் வேறு சொற்கள் உண்டு. கழுத்து வழியாகவோ பின்கால் வழியாகவோ கிழிக்காமல், ஒரு பையைப் போல முழுதாக உருவி எடுத்த தோல்தான் 'பல்க்'. கால்களைக் கட்டிவிட்டால் அது அப்படியே ஒரு பை. தண்ணீரோ ஒயினோ ஊற்றலாம், காற்றை அடைத்தால் கொல்லன் உலைக்குத் துருத்தி. உலைத் துருத்திக்கு ஜெர்மனில் 'பிளாசெபல்க்' என்றுதான் பெயர், ஊதுகிற பல்க். இந்தச் சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்று 4-ஆம் நூற்றாண்டில் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் வந்த பைபிளில் கிடைக்கிறது. புது திராட்சரசத்தைப் பழைய தோல்பைகளில் வார்க்க மாட்டார்கள் என்று மத்தேயு நற்செய்தியில் வரும் இடத்தில், அந்தத் தோல்பைக்கு 'பல்க்ஸ்' என்ற சொல் நிற்கிறது. தமிழ் வேதாகமம் அதே வசனத்தில் 'துருத்தி' என்கிறது. உலையில் ஊதுவதும் துருத்தி, இரசம் ஊற்றி வைப்பதும் துருத்தி என்பதால், 'பல்க்' என்ற சொல்லின் பரப்பு தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். இன்றைய ஜெர்மன் அகராதியைப் புரட்டினால் 'பல்க்' என்பதற்கு 'அடங்காத பிள்ளை' என்றும் ஒரு பொருள் இருக்கும். அதை வைத்து 'ஆட்டுக்குட்டி போலத் துள்ளும் பொல்லாத பிள்ளை' என்று இந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. தோல் என்பது உடம்பைக் குறித்து, பிறகு இழிவாக ஆளையும் பிள்ளையையும் குறித்தது என்று அந்தப் பொருள் பின்னால் கிளைத்தது. குடும்பப் பெயருக்கு அடிப்படையாக இருப்பது மூலப் பொருளான தோல்தான். ஆட்டுக்கு அடுத்தபடியாகத் தோல் என்று வரும் கூட்டுச்சொல்லில் வேறு பொருளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

ஒரு மனிதனுக்கு ஏன் 'ஆட்டுத்தோல்' என்று பெயர்? ஜெர்மன் குடும்பப் பெயர்களில் தொழிலை நேரடியாகச் சொல்பவை ஒரு வகை. மாவரைப்பவன் மியூலர், கொல்லன் ஷ்மிட், மீனவன் ஃபிஷர். இன்னொரு வகையில் தொழிலைச் சொல்லாமல், அவன் கையில் எப்போதும் இருக்கும் பொருளைச் சொல்லி அழைப்பார்கள். ஆணி அடிக்கும் கொல்லனுக்கு 'நாகெல்', அதாவது ஆணி. மிளகு, வாசனைச் சரக்கு விற்பவனுக்கு 'ஃபெஃபர்', அதாவது மிளகு. சீகன்பால்கு இந்த இரண்டாம் வகை. வெள்ளாட்டுத் தோலோடு நாள் முழுக்கப் புழங்கிய ஒருவனுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அது.

அந்த ஆள் யாராக இருக்கலாம்? அன்றைய ஜெர்மன் நகரங்களில் தோல் பதனிடுவோர் ஒரே கூட்டம் அல்ல. ஓக் மரப்பட்டையைப் போட்டு மாட்டுத் தோலைக் கெட்டியாகப் பதனிடுபவர்கள் ஒரு சங்கம். செருப்பு அடியும் குதிரைச் சேணமும் அவர்கள் தோலில் ஆனவை. படிகாரமும் உப்பும் போட்டு, மாவும் முட்டை மஞ்சளும் குழைத்துத் தேய்த்து, வெள்ளாடு, செம்மறி, மான் தோல்களை வெள்ளையாக, மெத்தென்று ஆக்குபவர்கள் வேறு சங்கம். 'வெள்ளைத்தோல் பதனிடுவோர்' என்றே அவர்களுக்குப் பெயர். கையுறை, பணப்பை, இடுப்பு வார், மெல்லிய கயிறு எல்லாம் அந்தத் தோலில்தான். வெள்ளாட்டுத் தோல் என்றாலே இந்த இரண்டாம் சங்கத்தார் பக்கம்தான் கை காட்ட வேண்டும். அவர்களிடம் தோல் வாங்கிப் பை தைத்தவர், ஊர் ஊராகப் போய்ப் பச்சைத் தோல் திரட்டி விற்றவர், கொல்லர்களுக்குத் துருத்தி கட்டிக் கொடுத்தவர் என்று இன்னும் சிலரும் இந்தப் பெயருக்குப் பொருந்துவார்கள். தொழில் எதுவும் இல்லாமல், ஆட்டுத்தோல் மேலாடையோடு திரிந்த ஒருவருக்கு வைத்த பட்டப்பெயராகவும் இருக்கலாம். என் முடிவைக் கேட்டால் தொழில் வழி வந்தது என்பதற்கே வலு அதிகம். 'பல்க்' என்பது தோல்காரர்களின் சொல்; உடையைப் பார்த்துப் பட்டம் வைப்பவர்களுக்கு வேறு எளிய சொற்கள் கையருகே இருந்தன.

சாக்சனியின் கிழக்கிலும் அதை ஒட்டியும் இருக்கும் லௌசிட்ஸ் பகுதி சோர்பியர்களிடம் ஒரு பை ஊதுகுழல் உண்டு. மயிர் வெளியே தெரியும்படி ஒரு முழு வெள்ளாட்டுத் தோலைக் காற்றுப் பையாக வைத்துச் செய்வார்கள். 'கோசோல்' என்று அதற்குப் பெயர், ஆட்டுக்கிடா என்றே பொருள். இந்த வாத்தியக்காரர்களிடமிருந்து சீகன்பால்கு என்ற பெயர் வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது, இடமும் பொருந்துகிறது. ஆனால் ஜெர்மன் பேசியவர்கள் அந்த வாத்தியத்தைக் கிடா என்ற பொருளில் 'போக்' என்றார்கள். 'ட்ஸீகன்பல்க்' என்று வாத்தியத்தை அழைத்த வழக்கு காட்டப்படாதவரை இதை ஏற்க முடியாது.

இன்னும் இரண்டு தப்பான தடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'ட்ஸீக்லர்' என்பது ஜெர்மனியில் மிகப் பரவலான பெயர். அதையும் இதையும் ஒரே குடும்பமாகச் சேர்ப்பது தவறு. ட்ஸீக்லர் என்றால் செங்கல், ஓடு சுடுபவர். லத்தீன் 'தேகுலா'விலிருந்து வந்த சொல், ஆட்டோடு சம்பந்தமே இல்லை. அதேபோல 'ட்ஸீகன்ஹால்ஸ்' என்பது சைலீசியாவில் இருந்த ஒரு ஊர், இன்று போலந்தில் இருக்கிறது. அந்தப் பெயர் கொண்டவர்கள் ஊர்ப் பெயரால் அழைக்கப்பட்டவர்களாக இருக்கலாம். சீகன்பால்கு அந்த வகையில் வராது. அதன் உண்மையான உறவினர் 'ட்ஸீகன்ஃபூஸ்' (ஆட்டுக்கால்), 'ட்ஸீகன்பைன்' (அதுவும் ஆட்டுக்கால்தான்), 'ட்ஸீகன்ஷ்பெக்' (ஆட்டுக் கொழுப்பு) போன்றவை. ஆட்டின் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவருக்குப் பெயராகியிருக்கிறது.

இப்போது ஊருக்கு வருவோம். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-இல் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, மேல் லௌசிட்ஸின் மேற்கு விளிம்பில் இருக்கும் ஊர். ஊரின் பெயரே ஸ்லாவியப் பெயர்தான். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஃபிராங்கோனியா, துரிங்கியா, ஹெஸ்ஸெ போன்ற மேற்குப் பகுதிகளிலிருந்து குடியேறிகள் வந்து, சோர்பியர்களின் நிலத்துக்கு நடுவே காடு வெட்டி ஊர் அமைத்தார்கள். பல வட்டாரத்துப் பேச்சுகள் கலந்து உருவானதுதான் 'ட்ஸீகெ' என்று சொல்லும் கிழக்கு நடு ஜெர்மன் வழக்கு. பக்கத்திலேயே காமென்ட்ஸ், பௌட்சென், கோர்லிட்ஸ் நகரங்கள் வழியாக, மேற்கையும் போலந்தையும் இணைத்த 'வியா ரேகியா' என்ற பெருவழி ஓடியது. தோலும் துணியும் தானியமும் அந்தப் பாதையில் போய்வந்தன. புல்ஸ்னிட்ஸ் கைத்தொழில் ஊர். நாடா நெசவு, மண்பாண்டம், நீலச்சாய அச்சுத் துணி ஆகியவை அங்கே உண்டு. எல்லாவற்றையும் விடப் புகழ்பெற்றது அதன் 'மிளகு ரொட்டி'. தேனும் கிராம்பும் ஏலமும் பட்டையும் சேர்த்துச் சுடுவது. அதைச் சுடும் உரிமையை 1558-லேயே அவ்வூர் ரொட்டிக்காரர்கள் பெற்றுவிட்டார்கள். தூரக் கிழக்கிலிருந்து வரும் வாசனைச் சரக்கு எல்லாவற்றையும் அன்று 'மிளகு' என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். இன்றும் அந்த ஊர் அந்த ரொட்டியால்தான் அறியப்படுகிறது.

சீகன்பால்குவின் தந்தை தானிய வியாபாரி. தோல் தொழிலுக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை. இது ஒரு முக்கியமான செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் தொழிலைக் காட்டுவதை நிறுத்திப் பல தலைமுறை ஆகிவிட்டது, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் குடும்பச் சொத்தாகிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. ஜெர்மன் நிலங்களில் இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ரைன் நதிக்கரை நகரங்களிலும் தென்மேற்கிலும் 12-ஆம் நூற்றாண்டிலேயே குடும்பப் பெயர் தொடங்கிவிட்டது. கிழக்கிலும் வடக்கிலும் நாட்டுப்புறத்திலும் நூறு இருநூறு ஆண்டுகள் பிந்தியே நிலைத்தது. வடமேற்கு ஓரத்தில் இருக்கும் கிழக்கு ஃபிரீசியாவில் 1811-இல் நெப்போலியன் உத்தரவு போட்டுத்தான் பலர் நிலையான குடும்பப் பெயரே எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்துக்கூட்டல் நிலைத்தது அதைவிடத் தாமதம். அந்தந்த ஊர்ப் பாதிரியார் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினார். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு ஒரு எழுத்து என்பது சாதாரணம். ஜெர்மன் பேரரசு முழுவதற்குமான அரசுப் பதிவு அலுவலகங்கள் 1876 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் எழுத்து மாறாமல் உறைந்தது. சீகன்பால்கு என்ற பெயருக்கும் கடைசி எழுத்தில் 'க்' இனத்து வெவ்வேறு எழுத்துகளோடு வடிவங்கள் உண்டு. எண்ணிக்கை பார்க்கும்போது அவற்றைச் சேர்க்கிறோமா விடுகிறோமா என்பதே விடையை மாற்றிவிடும்.

இப்போது எத்தனை பேர் என்ற கேள்வி. ஜெர்மனியில் குடும்பப் பெயர்களை அரசு எண்ணி வெளியிடுவதில்லை. டென்மார்க்கில் ஒரு பெயரைத் தட்டினால் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறையே சொல்லிவிடும். ஜெர்மனியில் அந்த வசதி கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் தொலைபேசிப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். கான்ராட் குன்ட்ஸெ, டாமாரிஸ் நியூப்லிங் இருவரும் தலைமையேற்று 2009 முதல் 2018 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூலுக்கும் அடிப்படை 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகள்தான். சுமார் 2 கோடியே 80 லட்சம் தனியார் இணைப்புகள். அதற்குப் பிறகு மக்கள் கைபேசிக்கு மாறிவிட்டதால் அவ்வளவு நிறைவான பட்டியல் மறுபடி கிடைக்கவில்லை.

கணக்கு எளிது. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 8 கோடியே 20 லட்சம். ஒரு இணைப்புக்குச் சராசரி 2.9 பேர். ஒரு பெயரில் 100 இணைப்பு இருந்தால் சுமார் 290 பேர் என்று மதிப்பிடலாம். முதலிடத்தில் இருக்கும் மியூலருக்கு இப்படிக் கணக்குப் போட்டால் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். மறுபக்கம், ஜெர்மனியில் ஏறத்தாழ எட்டரை லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு ஒன்றிரண்டு இணைப்புகளில் மட்டுமே வருபவை. சீகன்பால்கு இந்த இரண்டு முனைக்கும் நடுவில், அரிய பெயர்கள் பக்கம் நிற்கிறது. சில நூறு பேர் என்ற அளவில் வைக்கத்தக்க பெயர் அது. பெரிய நகரம் ஒன்றில் வாழும் ஜெர்மானியர் இந்தப் பெயர் கொண்ட ஒருவரை வாழ்நாளில் சந்திக்காமலே போகலாம். ஆனால் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அரிதும் அல்ல. பொது வாழ்விலேயே கணிதக் கல்வியாளர் யோகன் சீகன்பால்கு, திரைக்கதை எழுத்தாளரும் இயக்குநருமான ஓலிவர் சீகன்பால்கு என்று அறியப்பட்டவர்கள் உண்டு.

ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு எண்ணைச் சொல்லி முடிப்பது இந்தப் பெயருக்கு நியாயம் செய்யாது. எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பிழை நேர்வது வழக்கம். வரைபடத்தில் டிரெஸ்டன் மேல் பெரிய புள்ளி இருந்தால் பெயர் டிரெஸ்டனில் பிறந்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். டிரெஸ்டன் ஐந்து லட்சம் பேர் வாழும் நகரம். வேலை தேடி எல்லாக் கிராமத்தாரும் அங்கே போயிருப்பார்கள், எல்லா சாக்சனிப் பெயருக்கும் அங்கே பெரிய புள்ளிதான் விழும். பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தில் பார்த்தால்தான் தொட்டில் எது என்று தெரியும். சீகன்பால்கு என்ற பெயரை அப்படிப் பார்க்கும்போது கண் கிழக்கு சாக்சனிக்குப் போகிறது. பழைய பட்டியல்களில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புல்ஸ்னிட்ஸ் 2005-இல் காமென்ட்ஸ் மாவட்டத்தில் இருந்தது. 2008-இல் அந்த மாவட்டம் பௌட்சென் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெயர் காமென்ட்ஸை விட்டு பௌட்செனுக்கு இடம் பெயர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

சாக்சனிப் பெயர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதி. அங்கே வீட்டுக்குத் தொலைபேசி கிடைப்பது அரிதாக இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். 1990-இல் நாடு ஒன்றான பிறகு தொடக்க ஆண்டுகளில் வெளிவந்த தொலைபேசிப் பட்டியல்களில் கிழக்கு மாநிலங்கள் பாதி காலியாகவே இருந்தன. அந்தப் பட்டியல்களை வைத்துப் போட்ட எண்ணிக்கையில் சீகன்பால்கு போன்ற பெயர் உள்ளதைவிட அரிதாகத் தெரியும். 1961-இல் பெர்லின் சுவர் எழும்புவதற்கு முன் மேற்கே போன சில குடும்பங்கள் மட்டும் பளிச்சென்று தெரிவார்கள். அதனால் எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த ஆண்டுப் பட்டியல் என்று முதலில் கேளுங்கள்.

தொலைபேசிக்கு முந்தைய காலத்தைக் காட்டும் ஓர் அருமையான மூலம் இருக்கிறது: முதல் உலகப் போரில் இறந்த, காயமடைந்த, காணாமற்போன ஜெர்மன் வீரர்களின் பட்டியல். மரபுவழி ஆய்வில் ஈடுபட்ட தன்னார்வலர்கள் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். கூலி வாங்காமல் செய்த அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பெயர், பதவி, பெரும்பாலும் பிறந்த ஊர் என்று அதில் இருக்கும். 1870 முதல் 1900 வரை பிறந்த தலைமுறை எந்தெந்த ஊரில் பிறந்தது என்பதற்கு, இரண்டு போர்களாலும் நாட்டுப் பிரிவினையாலும் மக்கள் சிதறுவதற்கு முந்தைய நிலையை அது காட்டுகிறது. அரிய பெயர் ஒன்றைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அனுப்பும் இடம் இதுதான்.

இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் பெயர் ஏன் பெருகவில்லை? மியூலர் ஏன் லட்சக்கணக்கில் இருக்கிறது? மியூலர் ஒரே குடும்பம் அல்ல. ஒவ்வொரு ஓடைக்கரையிலும் ஒரு மாவாலை, ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு ஆலைக்காரன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே பெயரை எடுத்தன. 'ஆட்டுத்தோல்' என்ற பட்டப்பெயர் ஒரு சிறு வட்டாரத்தில், ஒன்றோ இரண்டோ குடும்பத்துக்கு மட்டுமே ஒட்டியது. அப்படித் தொடங்கும் பெயர் ஆண் பிள்ளை வழியில் மட்டுமே நகரும். ஒரு தலைமுறையில் பெண் பிள்ளைகளாகப் பிறந்தால் அந்தக் கிளையோடு பெயர் நின்றுவிடும். 1873-இல் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணிதக் கேள்வியாகவே முன்வைத்தார். கணித அறிஞர் வாட்சனோடு சேர்ந்து அடுத்த ஆண்டு விடையையும் வெளியிட்டார். மக்கள்தொகை குறையாமல் இருந்தாலும்கூடக் குடும்பப் பெயர்கள் தாமாக மறைந்துகொண்டே போகும் என்பது அதன் சாரம்.

லௌசிட்ஸ் மண்ணில் மக்கள்தொகையும் நிலையாக இருக்கவில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் படைகள் அந்தப் பெருவழியிலேயே போவதும் வருவதுமாக இருந்தன. 1634-இல் பௌட்சென் நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டே போகிமிய மன்னரிடமிருந்து லௌசிட்ஸ் சாக்சனிக்குக் கைமாறியது. படையோடு பிளேக்கும் வந்தது. ஊர்கள் காலியான அந்த ஆண்டுகளில் எத்தனையோ சிறு பெயர்கள் அடியோடு அற்றுப்போயின. சீகன்பால்கு என்ற பெயர் அதைத் தாண்டி வந்திருக்கிறது.

பிற்காலத்தில் சட்டமும் ஒரு பங்கு வகித்தது. மேற்கு ஜெர்மனியில் 1976 வரை திருமணம் என்றால் கணவர் பெயர்தான் குடும்பப் பெயர். கிழக்கு ஜெர்மனி 1965-லேயே மனைவி பெயரையும் பொதுப் பெயராக எடுக்கலாம் என்று சட்டம் செய்தது. சாக்சனி கிழக்கில் இருந்ததால் இந்தப் பெயருக்கு அந்த வாய்ப்பு சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே கிடைத்தது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலோர் கணவர் பெயரையே எடுத்தார்கள். 2025 மே முதல் கணவன் மனைவி இருவரும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அரிய பெயர்களுக்கு இது நல்லது.

கடைசிக் கேள்வி: இவர்கள் தரங்கம்பாடிக்காரரின் வம்சமா? அவர் 1706 ஜூலையில் ஹைன்ரிஷ் பிளூட்சௌவோடு தரங்கம்பாடியில் இறங்கினார். 1716-இல் மரியா டோரோத்தியா சால்ட்ஸ்மன் என்பவரை மணந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். திருமண வாழ்க்கை மூன்று ஆண்டுகூட முழுதாக இல்லை. மகன் எர்ன்ஸ்ட் கோட்லீப் கோபன்ஹேகன் போய் அங்கே கணிதப் பேராசிரியரானார். தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றம், மிஷனை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் என்பதால் அந்தத் திசை இயல்பானதே. ஆக அவருடைய நேரடிக் கிளை சாக்சனிக்குத் திரும்பி வேர்விட்ட கிளை அல்ல. சாக்சனியில் பெயரைக் காப்பாற்றி வந்தவர்கள் ஊரைவிட்டுப் போகாத மற்றக் குடும்பங்கள். அவர்களில் யாருக்கும் அவரோடு பொதுவான மூதாதை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வட்டாரம் அவ்வளவு சிறியது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதே உறவுக்குச் சான்று ஆகாது. வெள்ளாட்டுத் தோல் தொழில் ஒரே ஊரில் மட்டும் நடந்ததல்ல. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பேருக்குத் தனித்தனியாக அதே பட்டம் விழுந்திருக்கலாம். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் படித்தால் ஒழிய உறவு முறை சொல்ல வழியில்லை.

அப்படித் தேட விரும்புபவர்களுக்கு: போர் இழப்புப் பட்டியலில் தொடங்கி ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெஸ்டன் நகரத்தின் பழைய முகவரிப் புத்தகங்களை அங்குள்ள சாக்சனி மாநில நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டுத் தலைவரின் தொழில் அதில் பெயரோடு சேர்ந்து வரும் என்பதால், ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்தறிய உதவும். அதற்குப் பின் 1876-க்கு முந்தைய காலத்துக்கு அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகள். தேடும்போது கடைசி எழுத்தை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் சில எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கணினியில் ஏற்றியவர்கள் முதல் எழுத்தையே வேறாகப் படித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பாதிரியாரின் கடிதங்களும் தரங்கம்பாடி மிஷன் ஆவணங்களும் வேண்டுமென்றால் ஹாலெ நகரில் உள்ள ஃபிராங்கெ அறநிறுவனத்தின் காப்பகத்துக்கு எழுதுங்கள்; எந்த ஆண்டு, யார் எழுதிய கடிதம் என்று குறிப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்குத் தேடித் தர எளிதாக இருக்கும்.